வெயில் மலிந்த மோசெல் பள்ளத்தாக்கு



2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்து ஒரு சிறு செய்தி வெளியானது. அந்நாட்டில் திராட்சை இரசம் தயாரிக்கும் 13 பகுதிகளில் ஒன்றில்கூட அந்தக் குளிர்காலத்தில் பனி இரசம் எடுக்க முடியவில்லை என்றும், நாடு முழுவதும் அது தவறிப்போனது அதுவே முதல் முறை என்றும் ஜெர்மன் திராட்சை இரச நிறுவனம் அறிவித்தது. கொரோனா பற்றிய செய்திகளுக்கு நடுவே இதைக் கவனித்தவர்கள் வெகு சிலரே. பனி இரசம் என்பது, பழங்களைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டுவைத்து, வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 7 டிகிரிக்கு இறங்கும் ஓர் இரவுக்காகக் காத்திருந்து, உறைந்த பழங்களை அப்படியே பறித்துப் பிழிவதாகும். நீர் பனிக்கட்டியாகப் பழத்துக்குள்ளேயே தங்கிவிட, தேன் போன்ற சாறு மட்டும் சொட்டும். அந்த ஓர் இரவு அவ்வாண்டு வரவேயில்லை.

இதே காலத்தில் இதே நாட்டிலிருந்து இன்னொரு பேச்சையும் கேட்கிறோம். மோசெல் ஆற்றங்கரை விவசாயிகளிடம் கேட்டால், தங்கள் தாத்தா காலத்தில் பத்து ஆண்டுகளில் மூன்றோ நான்கோ ஆண்டுகளில்தான் பழம் நன்றாகக் கனிந்தது, இப்போது ஏறக்குறைய எல்லா ஆண்டும் கனிகிறது என்பார்கள். அப்படியானால் பருவநிலை மாற்றம் அவர்களுக்கு நன்மைதானே என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கான விடை அவ்வளவு எளிதல்ல. அதைப் புரிந்துகொள்ள அந்தப் பள்ளத்தாக்கின் கல்லையும் வெயிலையும் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

நம் ஊரில் மது என்ற சொல்லைக் கேட்டதும் கடை வாசலில் நிற்கும் கூட்டமும் கண்ணீர் சிந்தும் குடும்பங்களும்தான் நினைவுக்கு வருகின்றன, அது நியாயமே. ஆனால் மோசெல் கரையில் அது முதலில் உழவுத் தொழில். நமக்கு நெல் எப்படியோ அவர்களுக்குக் கொடி அப்படி. திருப்பலிக்குப் பயன்படும் இரசம் திராட்சையிலிருந்தே வந்ததாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும் என்று கேட்கும் திருச்சபைச் சட்டம், அதன் நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அதனால் உலகின் பல பீடங்களில் வெள்ளை இரசமே பயன்படுகிறது. பீடத் துணிகளில் கறை படியாது என்பது அதற்குச் சொல்லப்படும் எளிய காரணம்.

மோசெல் ஆறு பிரான்சில் பிறந்து, லக்சம்பர்க் எல்லையை உரசி, ஜெர்மனிக்குள் டிரியர் நகரத்தைக் கடந்து, வளைந்து வளைந்து ஓடி, கோப்லென்ஸ் நகரில் ரைன் ஆற்றோடு கலக்கிறது. ஏறத்தாழ 50-ஆவது வட அகலக்கோட்டில் உள்ள இடம் அது. திராட்சை ஒழுங்காகக் கனிவதற்கு உரிய எல்லையின் வடகோடி என்று நீண்ட காலம் கருதப்பட்டது. சமவெளியில் அங்கே சூரியன் தாழ்வாகவே நிற்கும். கதிர்கள் சாய்ந்து விழும். ஆனால் தெற்கு நோக்கிய செங்குத்தான சரிவில் அதே கதிர் நேராக விழுகிறது. ஆறு எங்கெல்லாம் வளைகிறதோ அங்கெல்லாம் ஒரு கரையில் தெற்கு நோக்கிய சரிவு கிடைக்கிறது. கீழே ஓடும் நீர் இரவின் குளிரைச் சற்றுத் தணிக்கிறது. இருபுறமும் ஐஃபெல், ஹுன்ஸ்ருக் என்னும் மேட்டு நிலங்கள் காற்றைத் தடுக்கின்றன. வடகோடியில் திராட்சை வளர்ந்ததற்கு இவையே காரணம்.

அந்தச் சரிவுகளின் மண்ணை மண் என்று சொல்வதே கடினம். பெரும்பாலும் அது உடைந்த சிலேட்டுக் கல்தான். முன்பு நாம் பள்ளிக்கு எடுத்துச் சென்ற சிலேட்டுப் பலகையும் இந்த இனத்துக் கல்லே. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு, அழுத்தத்தால் இறுகிப் பாளம் பாளமாக ஆனது. கருநீல நிறமுடைய இந்தக் கல் பகலில் வெயிலைக் குடித்து, இரவில் அந்தச் சூட்டைக் கொடிக்குத் திருப்பித் தருகிறது. மழை நீர் அதில் தேங்குவதில்லை. பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது, வேர்களும் அதைத் தேடி இறங்குகின்றன. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் கொடிகளை அழித்த வேர்ப்பேன் இந்தக் கல்லில் சரியாகப் பெருக முடியாததால், ஒட்டுப் போடாமல் சொந்த வேரில் நிற்கும் முதிய கொடிகளை இன்றும் அங்கே காணலாம். எசாயா நூலில் வரும் திராட்சைத் தோட்டத்து உரிமையாளர் நிலத்தைக் கொத்திக் கற்களை அகற்றுகிறார். மோசெல் விவசாயியோ மழையில் சரிந்த சிலேட்டுக் கற்களை முதுகில் சுமந்து மேலே கொண்டுபோய் மறுபடியும் கொடியின் காலடியில் கொட்டினார்.

இந்தக் கல்லுக்கும் வெயிலுக்கும் பொருத்தமாக அமைந்த கொடி ரீஸ்லிங். அது தாமதமாகத் துளிர்க்கும், தாமதமாகக் கனியும், கடுங்குளிரைத் தாங்கும். அக்டோபர், நவம்பர் வரை நீளும் குளிர்ந்த இலையுதிர் காலத்தில் பழத்தில் இனிப்பு மெல்ல ஏற, புளிப்பு மெல்லவே குறையும். எனவே இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று தாங்கும் இலேசான இரசம் கிடைத்தது. ஆல்கஹால் அளவு 8 அல்லது 9 விழுக்காடுதான். டிரியருக்கு மேலே, லக்சம்பர்க்கை ஒட்டிய மேல் மோசெலில் கல் மாறிவிடுகிறது. அங்கே சிலேட்டு இல்லை, சுண்ணாம்புப் பாறை. கொடியும் மாறுகிறது. உரோமையர் காலத்திலிருந்தே வளர்வதாகச் சொல்லப்படும் எல்ப்லிங் என்னும் எளிய வகை அங்கே நிற்கிறது. ஒரே ஆறு, சில கிலோமீட்டர் தொலைவு, கிண்ணத்தில் வேறு சுவை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். சிலேட்டின் தாதுக்கள் நேரே இரசத்துக்குள் ஏறி நாவில் 'கல் சுவை' தருகின்றன என்று வணிகர்கள் விளம்பரம் செய்வது அறிவியலுக்கு ஒத்துவராது. பிரித்தானிய நிலவியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் இதைப் பல ஆண்டுகளாக விளக்கிவருகிறார். கல் செய்யும் வேலை மறைமுகமானது: சூடு, நீர், வேரின் ஆழம். அதாவது கல்லும் பருவநிலையும் தனித்தனியாகப் பேசுவதில்லை. கல்லின் பெரும் சிறப்பே அது பற்றாக்குறையான வெயிலைச் சேமித்துத் தந்ததுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் இன்றைய சிக்கல் விளங்கும்.

எந்தச் சரிவு நன்கு சூடேறும் என்பதை முதலில் அளந்து அறிந்தவர்களில் துறவியர் முக்கியமானவர்கள். பீஸ்போர்ட் என்னும் ஊரில் 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமையர் காலத்துப் பிழியும் ஆலை 1985-இல் கண்டெடுக்கப்பட்டது. எனவே தொடங்கியவர்கள் துறவியர் அல்லர். ஆனால் சரிவுகளுக்குத் தரம் பிரித்ததில் அவர்கள் பங்கு பெரிது. டிரியர் புனித மாக்சிமின் மடத்துக்கு ரூவர் பள்ளத்தாக்கில் ஒரு மலைச்சரிவு இருந்தது. அதில் மூன்று பகுதிகள். நடுவில் நீலச் சிலேட்டுள்ள பகுதி 'மடாதிபதி மலை', சிவப்புச் சிலேட்டுள்ள பகுதி 'குருக்கள் மலை', வெயில் குறைந்த ஓரம் 'சகோதரர் மலை'. மடாதிபதிக்கும் குருக்களுக்கும் பொதுநிலைச் சகோதரர்களுக்கும் எந்தக் கிண்ணம் என்பது அந்தப் பெயர்களிலேயே தெரிகிறது. எளிய சகோதரர்கள் இதைப் பற்றி என்ன நினைத்தார்களோ! பிரெஞ்சு ஆட்சியில் மடங்களின் சொத்துகள் ஏலம் போயின. பெயர்கள் மட்டும் இன்றும் புட்டிகளில் இருக்கின்றன. அதற்குச் சற்று முன்னர், 1787-இல், டிரியரின் கடைசி இளவரசர்-பேராயரான கிளமென்ஸ் வென்செஸ்லாஸ், தரம் குறைந்த கொடிகளைப் பிடுங்கிவிட்டு நல்ல கொடிகளை நட வேண்டும் என்று ஆணையிட்டார். ரீஸ்லிங் அப்பள்ளத்தாக்கில் வேரூன்றியதில் அந்த ஆணைக்குப் பங்குண்டு.

1868-இல் பிரஷ்ய அரசு டிரியர் மாவட்டத் தோட்டங்களுக்கு ஒரு வரைபடம் வெளியிட்டது. நிலவரிக்காக எடுத்த மதிப்பீடு அது. மிகுந்த வருவாய் தரும் சரிவுகள் அழுத்தமான நிறத்தில், மற்றவை வெளிறிய நிறத்தில். அந்த வரைபடத்தை இன்று பார்ப்பவர்கள் அதை வெப்பத்தின் வரைபடம் என்றே சொல்லிவிடலாம். தெற்கு நோக்கிய, ஆற்றை ஒட்டிய, செங்குத்தான சிலேட்டுச் சரிவுகளே அதில் முதல் தரம். வெயில்தான் அங்கே செல்வம். வெயில் இல்லாத ஆண்டுகளில் நிலைமை எப்படியிருந்தது என்பதற்கு, புளித்த சாற்றில் சர்க்கரைத் தண்ணீர் கலந்து காப்பாற்றும் முறையை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் டிரியரின் லூட்விக் கால் பரப்பியதே சான்று. வறுமை அவ்வளவு. 1843 சனவரியில் 'ரைனிஷே சைட்டுங்' நாளிதழில் மோசெல் விவசாயிகளின் துயரம் பற்றி எழுதி அரசின் சினத்துக்கு ஆளானவர் டிரியரில் பிறந்த இளைஞர் ஒருவர். கார்ல் மார்க்ஸ் அவர் பெயர். அந்தப் பெயரை இந்தப் பக்கத்தில் காண்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் சுங்க எல்லைகள் திறக்கப்பட்டு வெளிப்பகுதி இரசம் மலிவாக வந்து குவிந்தபோது சரிவில் உழைத்தவன் என்ன ஆனான் என்பதே அவர் எழுப்பிய கேள்வி. அது இன்றும் பழையதாகிவிடவில்லை.

இனிப்பு அரிதாக இருந்த நாட்டில் இனிப்பே தரத்தின் அளவுகோல் ஆனது இயல்புதான். 1971-ஆம் ஆண்டின் ஜெர்மன் சட்டம் அதை முழுமையாக்கியது. பறிக்கும்போது பழச்சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதைக் கொண்டு இரசங்களுக்குப் படிநிலைகள் வகுக்கப்பட்டன: கபினெட், அதற்கு மேல் 'தாமத அறுவடை', அதற்கு மேல் 'பொறுக்கியெடுத்தவை' என்று ஏணி மேலே போகும். எந்தச் சரிவு என்பது இந்த ஏணியில் எண்ணப்படவில்லை. அதோடு, பல்லாயிரம் தோட்டப் பெயர்கள் இணைக்கப்பட்டு சுமார் 2,600 ஆகக் குறைக்கப்பட்டன. பல ஊர்களின் நிலங்களைச் சேர்த்து ஒரே பெயரில் விற்கவும் இடம் தரப்பட்டது. பீஸ்போர்ட்டில் 'பொற்றுளி' என்று பொருள்படும் கோல்ட்ட்ரோப்ஃகென் என்ற செங்குத்துச் சரிவு உண்டு. 'பீஸ்போர்ட்டர் மிக்கெல்ஸ்பெர்க்' என்ற பெயரும் புட்டிகளில் உண்டு. ஆனால் அது தனித்தோட்டம் அல்ல, பல ஊர்களின் நிலங்களைச் சேர்த்த பெரும் வட்டாரம், சமநிலத்தில் விளைந்த வேறு வகைத் திராட்சையும் அதில் வரலாம். வாங்குபவர் கண்ணுக்கு இரண்டும் பீஸ்போர்ட்தான். என் கணிப்பில், மோசெலுக்கு நேர்ந்த பெரும் கேடு வெப்பத்திலிருந்து தொடங்கவில்லை. இந்தச் சட்டத்திலிருந்து தொடங்கியது. வெப்பம் அதை வெளிச்சமிட்டுக் காட்டியது.

ஏனெனில் இப்போது இனிப்பு அரிதல்ல. 1881-இல் அளவீடு தொடங்கியதிலிருந்து ஜெர்மனியின் சராசரி வெப்பநிலை 1.5 டிகிரிக்கும் மேல் உயர்ந்துவிட்டது. 1980-களின் இறுதியிலிருந்து மோசெலில் முற்றிலும் கனியாத ஆண்டு என்று சொல்ல அரிதாகவே இருக்கிறது. சமநிலத்திலும் பழம் கனிகிறது. முன்பு அறுவடை அக்டோபரில் தொடங்கியது. இப்போது செப்டம்பரிலேயே தொடங்குகிறது. பழத்தில் உள்ள புளிப்பின் ஒரு பகுதியைச் செடியே வெப்பத்தில் எரித்துவிடுகிறது. இரவும் வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் விரைவாக. எனவே சர்க்கரை ஓடி ஏறுகிறது, புளிப்பு ஓடி இறங்குகிறது, மணம் சேர்வதற்கு நேரம் போதவில்லை. 1971-இன் ஏணியில் கீழ்ப்படியில் இருந்த கபினெட், அந்த இலேசான இரசம், இன்று எடுப்பதற்கு மிகவும் அரிதாகிவிட்டது. சில நாள் தாமதித்தாலும் பழம் அந்தப் படியைத் தாண்டிவிடுகிறது. அளவுகோல் தலைகீழாகிவிட்டது என்றே சொல்லலாம். முன்பு பழத்துக்கு வெயில் படட்டும் என்று இலைகளைக் கிள்ளியெறிந்தவர்கள், இன்று நிழலுக்காக அவற்றை விட்டுவைக்கிறார்கள். 2019 சூலை 25 அன்று ஜெர்மனியில் வெப்பம் 41.2 டிகிரியைத் தொட்டபோது, பகலில் சூடேற்றிக் கொடுப்பதற்கே புகழ்பெற்ற கருஞ்சிலேட்டு எப்படிக் கொதித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கோடையில் பழங்கள் கொடியிலேயே வெந்து சுருங்கின.

வெப்பம் கூடினால் உறைபனித் தொல்லை குறையும் என்று நினைப்போம். அதுவும் அப்படி நடக்கவில்லை. மிதமான குளிர்காலத்துக்குப் பின் கொடி முன்னதாகவே துளிர்த்துவிடுகிறது. ஆனால் ஏப்ரல் இரவுகளின் உறைபனி முழுவதும் ஓய்ந்துவிடவில்லை. மே மாதம் 12 முதல் 15 வரை விழா காணும் புனிதர்கள் பங்கிராசு, செர்வாசியு, போனிப்பாசு, சோபியா ஆகியோரை அந்நாட்டு மக்கள் 'பனிப் புனிதர்கள்' என்று அழைப்பார்கள். அவர்கள் விழா முடியும்வரை இளங்கன்றுகளை வெளியில் நடாதே என்பது பாட்டிமார் சொல். தாமதமாகத் துளிர்த்த காலத்தில் ரீஸ்லிங்குக்கு அந்தக் காத்திருப்பு எளிதாக இருந்தது. 2024 ஏப்ரல் 22-ஐ ஒட்டிய இரவுகளில் சார், ரூவர் பள்ளத்தாக்குகளில் முளைத்திருந்த துளிர்கள் பெருமளவில் கருகின. அவ்வாண்டின் விளைச்சல் மோசெலில் பல பத்தாண்டுகளில் காணாத அளவுக்குச் சரிந்தது.

இருந்தாலும், பள்ளத்தாக்கை வெறுமையாக்குவது உறைபனியல்ல. செங்குத்துச் சரிவில் ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர் தோட்டத்தைப் பராமரிக்க ஆண்டுக்கு ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் மனித உழைப்பு வேண்டும். இயந்திரம் ஓடும் சமநிலத்தில் சில நூறு மணி நேரமே போதும். பிரெம் என்னும் ஊரின் கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 டிகிரி வரை செங்குத்தானது. நம் வீட்டு மாடிப்படிகள் 30, 35 டிகிரிதான் இருக்கும் என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். அங்கே ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் சிறு வண்டியில் ஆட்களும் கூடைகளும் ஏறுகின்றன. மீதி வேலை கையால், பெரும்பாலும் போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வரும் தொழிலாளர் கையால். ஜெர்மனியின் குறைந்தபட்சக் கூலி 2015-இல் மணிக்கு 8.50 யூரோவாகத் தொடங்கி 2025-இல் 12.82 யூரோ ஆனது. ஊர்விட்டு ஊர் வந்து உழைக்கும் அவர்களுக்கு அது கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் அதே 2025-இல் தொட்டிக் கணக்கில் விற்கப்படும் இரசத்தின் விலை உற்பத்திச் செலவுக்கும் கீழே கிடந்தது. முன்பு இந்தக் கூடுதல் உழைப்புக்கு ஒரு கணக்கு இருந்தது: சரிவில் மட்டுமே பழம் கனியும், ஆகவே சரிவில் உழை. சமநிலத்திலும் கனியும் என்றானபின் அந்தக் கணக்கு உடைந்துவிட்டது. சமநில உற்பத்தியாளரோடு அதே கடை அலமாரியில், அதே விலையில் போட்டியிட வேண்டிய நிலை சரிவுக்காரருக்கு.

விளைவு எண்களில் தெரிகிறது. 1990 வாக்கில் 12,000 ஹெக்டேருக்கும் மேல் இருந்த மோசெல் திராட்சை நிலம், இப்போது 8,500 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. முதலில் கைவிடப்பட்டவை பெரும்பாலும் சரிவுகளே. கால்மோன்ட் சரிவே 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெருமளவு புதர் மண்டிக் கிடந்தது. எதிர்க்கரையில் நிற்கும் ஸ்டூபன் கன்னியர் மடத்தின் இடிபாட்டைப் போலவே அதுவும் ஒரு நினைவாகிவிடும் என்று எண்ணியிருந்தபோது, சிலர் மீண்டும் அதில் கொடி நட்டனர். ஒருவர் கைவிடும் துண்டு அவரோடு நிற்பதில்லை. பராமரிப்பற்ற கொடிகளில் கருப்பழுகல் நோய் பெருகி அடுத்தவர் தோட்டத்துக்குப் பரவுகிறது. சாந்து பூசாத கல்சுவர்கள் சரிகின்றன. அந்தச் சுவர் இடுக்குகளில் வளரும் சிறு பூண்டை உண்டு வாழும் மோசெல் அப்போலோ என்ற வெண்ணிற வண்ணத்துப்பூச்சி உலகில் வேறெங்கும் இல்லை. புதர் மூடினால் அதற்கும் இடமில்லை. அண்மைக் காலத்தில் அதன் எண்ணிக்கை கவலைக்குரிய அளவுக்குக் குறைந்துள்ளது.

முயற்சிகள் இல்லாமல் இல்லை. சரிவுக்குக் குறுக்கே சிறு படிகளாக வெட்டி, சிறு இயந்திரம் ஓடும்படி செய்கிறார்கள். செங்குத்து நிலத்துக்கு மாநில அரசு மானியம் தருகிறது. வெயில் போதாதென்று 1868 வரைபடத்தில் வெளிறிய நிறத்தில் காட்டப்பட்ட குளிர்ந்த பக்கவாட்டுப் பள்ளத்தாக்குகளையும் உயரமான துண்டுகளையும் தேடிப்போய் இப்போது வாங்குகிறார்கள். கபினெட்டுக்குத் தேவையான புளிப்பு அங்கேதான் தங்குகிறது. 2021-இல் திருத்தப்பட்ட சட்டம், இனிப்பின் அளவைவிடத் தோட்டத்தின் இடத்தை முதன்மைப்படுத்துகிறது. மிக்கெல்ஸ்பெர்க் போன்ற பெரும் வட்டாரப் பெயர்களுக்கு முன்னால் 'வட்டாரம்' என்று வெளிப்படையாக அச்சிட வேண்டும் என்ற விதி 2026 அறுவடையிலிருந்து நடைமுறைக்கு வருகிறது. 1971-இல் கலைத்ததைத் திருப்பி அடுக்க 55 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இடையில் போன 3,500 ஹெக்டேரில் எவ்வளவு திரும்பும் என்பது, அந்தப் பெயரைப் படித்துவிட்டுக் கூடுதலாகச் சில யூரோ கொடுக்க எத்தனை பேர் முன்வருவார்கள் என்பதைப் பொறுத்தது. சரிவின் உரிமையாளர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களின் பிள்ளைகள் வேலை பார்ப்பது லக்சம்பர்க்கில்.